ஆவணத்திற்கும் ஓர் அவதாரிகை: கோயிற்பதிவுகளும் அரசாங்கக் காப்பகத்தின் வழிகாட்டிகளும்

பூர்வாசார்யர்களின் வியாக்யானங்களில் பாசுரத்தின் பதப்பொருளுக்கு முன்னே அவதாரிகை நிற்கும். முன் சென்றதோடு இதற்குள்ள ஸங்கதி யாது, எந்த நிலையில் நின்று இது அருளிச்செய்யப்பட்டது, யாரை நோக்கிய வார்த்தை இது என்பவற்றை அவதாரிகை தெரிவிக்கும். அதை விட்டுப் பாசுரத்தினுள் புகுபவன் சொற்களை அறிவான். அவை நிற்கும் இடத்தை அறியான். அரசாங்க ஆவணக் காப்பகத்தில் தேடி வருவோர்க்கு ஏடு காட்டும் காப்பாளரின் பணி, பெரும்பாலும் இந்த அவதாரிகைப் பணியை ஒத்தது. திவ்யதேசங்களின் பிற்கால வரலாறு எழுதப்புகுவோர் எவரும் கல்வெட்டு, ஒழுகு, குருபரம்பரை ஆகியவற்றோடு நின்றுவிட இயலாது. 19ஆம் நூற்றாண்டுச் செய்திகளுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தை அவர்கள் நாடியே ஆகவேண்டும். அங்குள்ள ஏடுகள் கோயிலுக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆதலின் அவற்றைக் கோயில் வரலாற்றுக்குக் கொள்ளும் முறை தனியே ஆராயத்தக்கது.

ஏடுகள் ஓரிடம் சேர்ந்த வரலாறு

கிழக்கிந்தியக் கம்பெனியார் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் தம் ஆலோசனைகளை நாள்தோறும் பதிந்துவந்தனர். அச்சேறியுள்ள நாட்குறிப்பு, ஆலோசனைப் பதிவு வரிசை 1672ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அதன் முதல் தொகுதி 1910இல் வெளிவந்தது. தொடக்கத்தில் எல்லாச் செய்தியும் ஒரே ஏட்டில் கலந்து கிடந்தன. ஆட்சி பரவப்பரவத் துறைகள் பிரிந்தன. 1752இல் இராணுவத் துறைப் பதிவுகள் தனி வரிசையாயின. நிலவருவாய் நிர்வாகத்திற்கென வருவாய் வாரியம் 1786இல் ஏற்பட்டது. இப்பிரிவினையை நினைவிற் கொள்ளாதவர்க்குக் காப்பகத்தின் அடுக்குகள் வெறும் காகித மலையாகவே தோன்றும்.

ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் பிரபு 1805இல் தலைமைச் செயலகப் பதிவுகளை ஓரிடத்தில் திரட்ட ஆணையிட்டார். முத்தையா என்பவர் அவற்றுக்குப் பதிவுக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். அக்காலத்தில் காப்பாளர் அரசாங்கத்திற்கே விடை சொன்னார். ஓர் அதிகாரி முன்னுதாரணம் கேட்டால் பழைய ஏட்டைத் தேடி எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. வெளியார் வந்து கேட்பது அன்று வழக்கில் இல்லை. 1860ஐ ஒட்டி ஜே. டால்பாய்ஸ் வீலர் இவ்வேடுகளை ஆராயும்படி பணிக்கப்பட்டார். அவர் தொகுத்த கையேடு 1861இல் வெளிவந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியே உள்ளவர் அறிய வழி பிறந்தது அப்போதுதான்.

எழும்பூரில் செங்கல்லால் எழுப்பப்பட்ட தனிக்கட்டடத்திற்கு ஏடுகள் 1909இல் சென்றன. 1911இல் பொறுப்பேற்ற ஹென்றி டாட்வெல் பதிவுகளை வகைப்படுத்தி, 1916இல் அவற்றைப் பற்றிய அறிக்கை ஒன்றையும், பின்னர் ஆண்டுவாரிச் சுருக்கக் குறிப்புகளையும் வெளியிட்டார். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கிலப் பதிப்பின் பிற்பகுதித் தொகுதிகளைப் பதிப்பித்தவரும் இவரே. பி. எஸ். பாலிகா காப்பாளராக இருந்தபோது 1936இல் வழிகாட்டி நூல் ஒன்று அச்சாயிற்று. இவர்கள் உழைப்பின் பயன் ஒன்றே: அரசாங்கத்தின் நினைவாக மட்டும் இருந்தது, கேட்பவர் எவர்க்கும் விடை தரக்கூடிய பொதுநினைவாயிற்று. காப்பாளர் என்பவர் பூட்டைக் காப்பவர் என்ற நிலை மாறி, வழி சொல்பவர் என்ற நிலை உண்டாயிற்று.

கோயிற்செய்தி அரசாங்க ஏட்டில் புகுந்தவாறு

திருமலை திருவேங்கடமுடையான் ஸந்நிதியின் வரலாற்றை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கர்நாடக நவாப் முகம்மது அலி தம் போர்க்கடனுக்கு ஈடாகத் திருப்பதிக் கோயில் வருவாயைக் கம்பெனியாருக்கு ஒப்புவித்தார். எனவே அக்காலத்துத் திருமலைச் செய்தி கோயிற்செய்தியாகப் பதியப்படவில்லை. கடன்கணக்காகவும் போர்ச்செய்தியாகவும் பதியப்பட்டது. 1753இல் முகம்மது கமால் திருப்பதியைக் கைப்பற்ற முயன்றதும், அவன் முறியடிக்கப்பட்டதும் இவ்வகையின. கோயில் என்ற தலைப்பில் தேடுபவர் கண்ணில் இவை படா.

1801இல் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியார் கைக்கு வந்தபின் நிலை மாறியது. திருமலை வடஆற்காடு மாவட்டத்துள் அடங்கியது. கலெக்டரின் தலைமையிடம் சித்தூர். கோயில் நிர்வாகத்தையே கலெக்டர் மேற்பார்க்கத் தொடங்கினார். முன்னைய வழக்கங்களைத் தழுவி 1821இல் வகுக்கப்பட்ட நிர்வாக விதிகள் ப்ரூஸ் கோட் எனப் பெயர்பெற்றன. இதற்கிடையே 1817ஆம் ஆண்டின் 7ஆவது ஒழுங்குவிதி, சென்னை மாகாணத்தின் அறக்கட்டளைகள் அனைத்தையும் கவனிக்கும் பொறுப்பை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. அதன் விளைவாகத் தளிகைப் படித்தரம், உத்ஸவச் செலவு, திருப்பணி, மிராசுதாரர் வழக்கு, தீர்த்த மரியாதைத் தகராறு ஆகிய யாவும் கலெக்டரின் கடிதமாகி, வாரியத்தின் நடவடிக்கைப் பதிவில் ஏறின.

பிறகு அரசாங்கம் விலகிக்கொண்டது. கிறிஸ்தவ அரசொன்று பிறமதக் கோயில்களை நடத்தலாகாது என்று இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பு அதற்குக் காரணம். 1843இல் திருமலை நிர்வாகம் ஹாதீராம்ஜி மடத்து மஹந்துவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1863ஆம் ஆண்டின் 20ஆவது சட்டம் இவ்விலகலை எல்லாக் கோயில்களுக்கும் முறைப்படுத்தியது. இதன்பின் வருவாய் வாரியப் பதிவுகளில் கோயிற்செய்தி அருகிப்போகிறது. கோயில்களில் ஒன்றும் நிகழாமற்போனதாக இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கேட்டவர் நின்றுவிட்டார், ஆகவே எழுதுவதும் நின்றது. அக்காலத்து நிகழ்ச்சிகளை நீதிமன்ற ஏடுகளில் தேடவேண்டும். 1920களில் அறநிலையச் சட்டமும் வாரியமும் ஏற்பட்டபின், செய்தி மறுபடியும் அரசாங்க ஏட்டுக்குள் வருகிறது. திருமலைக்கு 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிக் குழு அமைந்தது.

ஏட்டின் மௌனத்தையும் இவ்வாறு காரணத்தோடு விளக்கிச் சொல்ல வல்லவரே தேர்ந்த காப்பாளர். ஒரு பொருள் ஏட்டில் இல்லை என்பதற்கும், அப்பொருளே உலகில் இருந்ததில்லை என்பதற்கும் உள்ள தூரத்தை அறியாதவர் கையில் காப்பகம் தவறான சாட்சி சொல்லும்.

கேள்வியை ஏட்டின் மொழியில் பெயர்த்தல்

தேடி வருபவர் தம் காலத்துக் கேள்வியோடு வருகிறார். ஏடு தன் காலத்துத் தலைப்புகளோடு காத்திருக்கிறது. இரண்டும் தாமே சந்திப்பதில்லை. ஸ்ரீரங்கத்தைத் தேடுபவர் ஸெரிங்கம் என்ற எழுத்தடைவில் பார்க்கவேண்டும். திருப்பதியை ட்ரிபெட்டி எனவும், காஞ்சீபுரத்தைக் காஞ்சீவரம் எனவும், திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் எனவும் தேடவேண்டும். கோயிலுக்குக் கம்பெனியார் வழங்கிய சொல் பகோடா. அக்காலத்தில் வராகன் என்னும் பொன் நாணயத்திற்கும் அதுவே பெயர். அடைவில் அச்சொல்லைக் கண்டு மகிழ்ந்து கட்டை அவிழ்த்தவர், உள்ளே ஒரு படைத்தலைவரின் சம்பளக் கணக்கைக் காண்பதும் நேரும். தர்மகர்த்தாவைக் கிறிஸ்தவக் கோயிற்பொறுப்பாளர்க்குரிய சர்ச்வார்டன் என்ற சொல்லால் குறித்த இடங்களும் உள. இத்தகைய சொல்லடைவு எந்த அச்சுநூலிலும் முழுமையாக இல்லை. பல ஆண்டு ஏடெடுத்துக் கொடுத்த காப்பாளரின் நெஞ்சிலேயே அது பெரும்பாலும் இருக்கிறது. அவர் ஓய்வுபெறும் நாளில் அவரோடு போய்விடுகிறது.

சொல்லுக்கு அடுத்தது அலுவலகம். ஒரு செய்தி எங்கே கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் பொருள் அன்று. அதனை எந்த அலுவலகம் கையாண்டது என்பதே. ஆவணங்களைப் பொருள்வாரியாகக் கலைத்து அடுக்கலாகாது, அவை பிறந்த அலுவலகத்தின் வரிசையிலேயே காக்கப்படவேண்டும் என்ற கொள்கையை 1898இல் டச்சு அறிஞர் மூவர் எழுதிய கையேடு நிலைநாட்டியது. 1922இல் ஹிலரி ஜென்கின்ஸன் இயற்றிய நூல் அதனை ஆங்கில உலகில் பரப்பியது. கேட்பவர்க்கு இது தொல்லையாகத் தோன்றலாம். திருமலை பற்றியவை அனைத்தையும் ஒரே கட்டாகக் கட்டிவைத்தால் ஆகாதா என்று வினவுவோரும் உளர். அவ்வாறு பிரித்தெடுத்தால் கலெக்டரின் கடிதம் அதன் விடையிலிருந்து பிரியும். விண்ணப்பம் அதன்மேற் பிறந்த உத்தரவிலிருந்து பிரியும். பிரித்த பின் அவற்றைச் சேர்க்கும் கயிறு எங்கும் இல்லை.

மூன்றாவது எல்லை. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. ஆதலின் திருமலையைத் தேடுவோர் இரு மாநிலங்களின் காப்பகங்களையும் கருதவேண்டியவராகின்றனர். காலின் மெக்கன்ஸி திரட்டிய கைபீதுகளை எழும்பூரில் தேடிப் பயனில்லை. சென்னையிலுள்ள அவை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. கல்வெட்டுகளுக்குத் தேவஸ்தானமே 1930களில் வெளியிட்ட தொகுதிகள் உண்டு. இங்கே இல்லை, அங்கே உண்டு என்று சொல்வதும் நல்ல விடையே. ஒரு சொல்லால் ஒருவருடைய பல மாத உழைப்பை அது மீட்டுத்தரும்.

அவதாரிகையின்றிப் படிப்பதன் கேடு

வருவாய் வாரியத்தின் பதிவு ஒன்றைப் பிரித்தால் அதில் பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அர்ச்சகர் ஒருவரோ ஸ்தலத்தார் சிலரோ தமிழிலோ தெலுங்கிலோ கொடுத்த விண்ணப்பம் அடியில் இருக்கும். அதனை மொழிபெயர்த்த அலுவலரின் ஆங்கிலம் அதற்குமேல். தாசில்தாரின் விசாரணை அதற்குமேல். கலெக்டரின் கருத்து அதற்கும்மேல். உச்சியில் வாரியத்தின் தீர்மானம், பல வேளைகளில் இரண்டு வரிகளில். இவற்றுள் ஒரு குரலை மட்டும் பிரித்தெடுத்து, அரசாங்க ஆவணத்தில் இவ்வாறு உள்ளது என்று எழுதுவது எளிது. வாதி தன் விண்ணப்பத்தில் கூறிய உரிமை, அது இணைப்பாகப் பதியப்பட்ட காரணத்தாலேயே அரசு ஏற்றுக்கொண்ட உண்மை ஆகிவிடாது. அவ்விண்ணப்பத்தை வாரியம் தள்ளியும் இருக்கலாம். அச்செய்தி அடுத்த மாதப் பதிவில் இருக்கலாம்.

வியாக்யான மரபில் இதற்கு நிகரான எச்சரிக்கை உண்டு. பூர்வபக்ஷமாக எடுத்துரைக்கப்பட்டதை ஸித்தாந்தமாகக் கொள்வது மாணாக்கன் செய்யும் பிழைகளுள் முதன்மையானது. ஆசிரியர் அருகிருந்தால், இது மறுப்பதற்காகச் சொன்னது என்று தடுப்பார். ஆவணத்தின் முன் அமர்ந்தவர்க்கு அவ்வாறு தடுக்கவல்லவர் காப்பாளர் ஒருவரே. இது யார் யாருக்கு எழுதியது, எந்தக் கேள்விக்கு விடை, இதன்மேல் என்ன உத்தரவாயிற்று என்ற மூன்றையும் பார்த்தபின் படி எடுங்கள் என்று அவர் கூறும் ஒரு வார்த்தை, பல பக்கப் பிழையான வரலாற்றைத் தடுக்கும். திருவல்லிக்கேணி பார்த்தஸாரதிப் பெருமாள் கோயிலைக் குறித்து அர்ஜுன் அப்பாதுரை 1981இல் வெளியிட்ட ஆய்வு, வாரியப் பதிவுகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் இத்தகைய தொடர்ச்சியில் வைத்துப் படித்ததன் பயனைக் காட்டும்.

இனாம் பதிவேடு

காப்பாளரின் விடை வரலாற்று நூலோடு நில்லாமல் குடும்பங்களின் வாழ்வைத் தொடும் இடம் ஒன்று உண்டு. அது இனாம் பதிவேடு. 1858இல் அமைந்த இனாம் கமிஷன், மாகாணத்திலுள்ள மானிய நிலங்களை ஊர்தோறும் விசாரித்தது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எப்பணிக்காக, எவ்வளவு நிலம், அப்பணி இன்றும் நடக்கிறதா என்பன கட்டங்களாகப் பதியப்பட்டன. கோயிலுக்குரியது தேவதாயம் எனவும், சத்திரம் முதலியவற்றுக்குரியது தர்மாதாயம் எனவும் வகைப்பட்டது. உறுதிசெய்யப்பட்டவற்றுக்கு எண்ணிட்ட உரிமைப் பட்டயம் வழங்கப்பட்டது. இப்பதிவேட்டின் சான்றுமதிப்பு மிகப்பெரியது என்பதை இலண்டன் பிரிவி கவுன்ஸில், அருணாசலம் செட்டிக்கும் வேங்கடாசலபதி குருஸ்வாமிகளுக்கும் இடையிலான வழக்கில் 1919இல் ஏற்றது. மூலதானப் பட்டயம் கிடைக்காதவிடத்து நீதிமன்றங்கள் இன்றும் இதனையே பெரிதும் நோக்குகின்றன.

நிலம் பெருமாளுக்கே விடப்பட்டதா, கைங்கர்யம் செய்பவர்க்கு அக்கைங்கர்யத்தின் பொருட்டு விடப்பட்டதா, அன்றி ஒருவர்க்குச் சொந்தமாகவே விடப்பட்டதா என்ற வினாக்களுக்கு விடை இப்பதிவேட்டின் ஒரு கட்டத்தில் இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தபோது இவ்வினாக்கள் ஆயிரமாயிரம் ஏக்கர்களுக்கு எழுந்தன. தலைமுறைகளாகத் திருவாராதனம் செய்துவந்த அர்ச்சகர் குடும்பமும், அந்நிலத்தை உழுதுவந்த குடியானவரும், தேவஸ்தானத்து அலுவலரும் ஒரே பக்கத்தின் சான்றுநகலுக்கே விண்ணப்பிப்பர்.

அப்பக்கத்தைக் கண்டெடுப்பதும் எளிதன்று. பதிவேடு 1860களின் மாவட்டம், தாலூகா ஆகிய பிரிவுகளின்படி அமைந்தது. இன்று ஒரு மாவட்டத்திலுள்ள ஊர் அன்று வேறொன்றில் இருந்தது. பதிவேட்டிலுள்ளவை பழைய பைமாஷ் எண்கள். விண்ணப்பிப்பவர் கையிலுள்ளது பிற்கால அளவையின் சர்வே எண். ஊர்ப்பெயரும் ஆங்கில எழுத்தில் திரிந்து நிற்கும். ஒரே பெயருடைய ஊர்கள் ஒரே தாலூகாவில் இரண்டு மூன்று இருக்கும். தவறான ஊரின் பக்கத்தைப் பிரதியெடுத்துக் கொடுத்தால் அதன்மேல் ஒரு வழக்கே கட்டப்பட்டுவிடும். பதிவேட்டில் இல்லை என்று அவசரமாக எழுதிக்கொடுத்தால் ஒரு ஸந்நிதியின் நித்யப்படி நிலம் சான்றற்றுப் போகும். ஏடோ நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்டது; தொட்டால் உதிரும் விளிம்புடையது. கண்டெடுக்கும் அவசரமும் காக்கும் நிதானமும் காப்பாளரின் இரு கைகளில் ஒரே நேரத்தில் இருக்கவேண்டும்.

பக்கம் சாராமை

காஞ்சி தேவப்பெருமாள் ஸந்நிதியில் அத்யாபக மிராசு முதலியன பற்றிய வழக்குகள் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் நடந்தமை ஸம்ப்ரதாயஸ்தர்கள் அறிந்ததே. இத்தகைய வழக்குகளில் இரு கலையாரும் சான்று தேடி வந்து நிற்பது அதே அடுக்குகளின் முன்புதான். முதலில் வந்தவர்க்குக் காட்டிய ஏட்டைப் பின்னர் வந்தவர்க்கும் காட்டவேண்டும். ஒருவர் தேடுவதை மற்றவர்க்குச் சொல்லலாகாது. தமக்கு மாறான பக்கம் அடுத்து இருப்பதைக் காப்பாளர் மறைக்கவும் கூடாது. தீர்ப்புச் சொல்வது அவர் தொழிலன்று. அது நீதிமன்றத்திற்கு உரியது. இதற்கு இதுவே பொருள் என்று முடிவுகட்டுவதும் அவர் தொழிலன்று. அது வரலாற்றாசிரியர்க்கு உரியது. பக்கம் எங்கே இருக்கிறது, எவ்வாறு அங்கே வந்தது, அதன் முன்னும் பின்னும் என்ன என்ற அளவில் அவர் வார்த்தை நிற்கவேண்டும்.

இவ்வளவோடு நிற்பது குறைவுபோலத் தோன்றினும், ஏட்டின் நம்பகம் முழுவதும் இதன்மேலேயே நிலைக்கிறது. காப்பாளர் ஒரு பக்கம் சாய்ந்தார் என்ற ஐயம் ஒருமுறை பிறந்துவிட்டால், அவர் எடுத்துக்கொடுத்த ஏடும் ஐயத்துக்கு உரியதாகும். ஆவணத்தின் உடலைக் காப்பதோடு அதன் நேர்மையையும் காக்கவேண்டும் என்று ஜென்கின்ஸன் வற்புறுத்தியதன் கருத்தும் இதுவே.

பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்திற்கும் உரையருளினார். அவற்றுள் பெரியாழ்வார் திருமொழி வியாக்யானத்தின் பெரும்பகுதி அழிந்துபட, மணவாள மாமுனிகள் அப்பகுதிக்கு உரையிட்டு நிறைவாக்கினார் என்பது ஸம்ப்ரதாயத்தில் ப்ரஸித்தம். வியாக்யானம் அழிந்தால் அதனை நிறைவிக்க ஓர் ஆசார்யர் அவதரிக்கலாம். இனாம் பதிவேட்டின் ஒரு பக்கமோ வாரியப் பதிவின் ஓர் இணைப்போ அழிந்தால் அதனைத் திரும்ப எழுதித்தருவார் எவருமில்லை. எழுதினால் அது போலி ஆவணமாகும். இருக்கும் ஏடும் வழியறிந்து காட்டுவார் இன்றேல் அழிந்ததற்கு ஒப்பாகும். ஆகவே திவ்யதேச வரலாறு எழுதுவோர் தம் நூல்களில் ஏட்டின் எண்ணையும் நாளையும் குறிப்பதோடு, அவ்வேடு எந்த அலுவலகத்தில் எக்கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்பதையும் குறித்தல் வேண்டும். கோயில்களும் மடங்களும் தத்தம் பழங்கணக்குகளை விற்காமலும் எரிக்காமலும், அவை இருந்த வரிசை கலையாமல் அடைவு எழுதிக் காத்தல் வேண்டும். காப்பகத்து அலுவலர்கள் வாய்வழியாகவே அறிந்துவைத்திருக்கும் பெயரடைவுகளும் தேடும் வழிகளும் எழுத்தில் ஏறவேண்டும். அவ்வடைவே அடுத்துத் தேட வருபவர்க்கு அவதாரிகையாகும்.